குளிரை நம்பாதீர்கள், நிழலைப் பாருங்கள்

போன தை மாதம் மதுரையிலிருந்து என் மச்சான் குடும்பத்தோடு கொடைக்கானலுக்கு வந்திருந்தார். எல்லோரும் மன்னவனூர் புல்வெளிக்குப் போனோம். காலை பத்து மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம், திரும்பும்போது மணி இரண்டு. நல்ல குளிர்காற்று, ஸ்வெட்டரைக் கழற்ற மனசு வரவில்லை. முகத்துக்கு ஏதாவது பூசிக்கொள்ளுங்கள் என்றேன். "மாப்ள, அழகர் எதிர்சேவைக்கு சித்திரை வெயில்ல நின்னவன் நான், இந்தக் குளிர்ல எனக்கு என்ன ஆகப்போகுது" என்றார். ராத்திரி மூக்கும் கன்னமும் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டன, தலையணையில் கன்னத்தை வைக்க முடியவில்லை. மூன்றாம் நாள் ஊருக்குப் போய் தோல் உரிந்த மூக்கைப் படம் எடுத்து அனுப்பினார். மங்கி குல்லா போட்டிருந்த இடம் மட்டும் பத்திரமாக இருந்தது.

மலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது, இங்கேயே இருக்கிற நாங்களும் செய்வதுதான். வெயிலின் பலத்தை உடம்பில் படும் சூட்டை வைத்துக் கணக்குப் போடுகிறோம். தோலைச் சுடுவது அந்தச் சூடு இல்லை. சூடாக உணர்வது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அகச்சிவப்புக் கதிரும் தருவது. தோலை வேகவைப்பது புற ஊதாக் கதிர் (யூவி), அது மேலே படுவது தெரியவே தெரியாது. பட்டு மூன்று நாலு மணி நேரம் கழித்துத்தான் எரிச்சல் ஆரம்பிக்கும், உச்சத்துக்குப் போக அரை நாள், ஒரு நாள்கூட ஆகும். கீழ்நாட்டில் சூடு தாங்காமல் நாமே நிழலுக்கு ஓடிவிடுவோம், அதனால் தப்பித்துக்கொள்கிறோம். இங்கே அந்த எச்சரிக்கை மணி அடிப்பதில்லை.

அதோடு உயரம். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நிற்கிற இடம் கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர். அங்கே நின்றால் மொத்தக் காற்றில் ஏறக்குறைய கால் பங்கு உங்கள் காலுக்குக் கீழே போய்விட்டது என்று அர்த்தம். வடிகட்டக் காற்று குறைவு, அதனால் ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதா சுமார் பத்து சதவீதம் கூடும் என்பது பொதுவான கணக்கு. அதே நேரம், அதே வானம் என்று வைத்துக்கொண்டால் மதுரையைவிட இங்கே ஐந்தில் ஒரு பங்கு அதிகம். இன்னொரு வேடிக்கை, பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில். ஜூலையில் அது 15.2 கோடி. ஆகவே நாம் இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்குகிற மார்கழி, தையில் சூரியனிலிருந்து பூமிக்கு வரும் ஒளி ஜூலையைவிட சுமார் ஏழு சதவீதம் கூடுதல்.

சரி, எதை வைத்து அளப்பது? நிழலை வைத்து. ஒரு துரும்பை மடக்கி அதன் நிழலைப் பார்த்து நாழிகை சொன்ன ஊர் இது, நமக்கு ஒன்றும் புதுசு இல்லை. நேராக நில்லுங்கள். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக இருந்தால் சூரியன் 45 டிகிரிக்குக் கீழே இருக்கிறது, கதிர் சாய்ந்து நிறையக் காற்றைக் கடந்து வருவதால் புற ஊதா குறைவு. நிழல் உங்களைவிடக் குட்டையாகிவிட்டால் குளிரோ காற்றோ எதுவாக இருந்தாலும் முகத்தையும் கண்ணையும் மறைத்துக்கொள்ள வேண்டிய நேரம். அவ்வளவுதான் விதி, ஆப் வேண்டாம், மீட்டர் வேண்டாம், குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுக்கலாம்.

மலையில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. சரிவில் நிழல் பொய் சொல்லும். பள்ளத்துப் பக்கம் விழுந்தால் நீளும், மேட்டுப் பக்கம் விழுந்தால் சுருங்கும். பூம்பாறைப் படிக்கட்டு வயலில் பூண்டு எடுக்கிறவர் தன் நிழலைப் பார்த்து ஏமாறக் கூடாது என்றால் சமமான தளம் வேண்டும், திண்ணையோ தார் ரோடோ போதும். அதுவும் இல்லையென்றால் சமமான கல்மேல் செல்போனை நட்டமாக நிறுத்தி அதன் நிழலை அதோடேயே ஒப்பிடுங்கள். (சரிவு என்றதும் ஊட்டி முத்தோரை ஞாபகம் வருகிறது. அங்கே 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை 1970இல் முடித்தார்கள். மலைச்சரிவும் அந்த இடத்தின் அட்சரேகையும் ஏறக்குறைய ஒரே 11 டிகிரியாக அமைந்த இடத்தைத் தேடிப் பிடித்து, தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக வரும்படி சரிவிலேயே படுக்க வைத்துவிட்டார்கள். நமக்குத் தொல்லை கொடுக்கிற சரிவு அவர்களுக்கு வரம்.)

பனிமூட்டம் வந்தால் நிழலே விழாது, அப்போது கடிகாரம்தான். மெல்லிய மேகத்தைத் தாண்டி 80 சதவீதம் வரைகூட புற ஊதா வந்துவிடும் என்பதால் "மூட்டமாத்தானே இருக்கு" என்ற சமாதானம் செல்லாது. கொடைக்கானலில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு இல்லை. நம் கடிகாரம் ஓடுவது 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு, நாம் இருப்பது அதற்கு ஐந்து டிகிரி மேற்கே, டிகிரிக்கு நாலு நிமிடம் தாமதம், ஆகவே உச்சிப்பொழுது இங்கே சராசரியாக 12.20. இதை வைத்து நான் போட்டு வைத்திருக்கும் கணக்கு: சித்திரை மாதத்தில் நிழல் குட்டையாக இருக்கும் நேரம் காலை 9.15 முதல் மாலை 3.20 வரை, கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். குளிர் உச்சத்தில் இருக்கும் டிசம்பர் கடைசியில்கூட 10.15 முதல் 2.20 வரை, அன்று நடுப்பகலில் நிழல் உங்கள் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். மச்சான் புல்வெளியில் நின்ற நேரத்தை மறுபடி பாருங்கள், கிட்டத்தட்ட முழுக்க அதற்குள்ளேயே நின்றிருக்கிறார்.

வருஷத்தில் இரண்டு நாள் நிழல் அறவே காணாமல் போகும். கொடைக்கானலுக்கு அது ஏப்ரல் 16, 17 வாக்கில், அப்புறம் ஆகஸ்ட் 26, 27 வாக்கில். ஊட்டி கொஞ்சம் வடக்கே இருப்பதால் ஏப்ரல் 20, ஆகஸ்ட் 23 வாக்கில். முதல் நாள் சீசன் கூட்டம் வரும் நேரத்தில் விழுகிறது என்பதைக் கவனியுங்கள். கீழே வெயில் தாங்கவில்லை என்று தப்பித்து மேலே வருகிறவர்கள், சூரியன் நடுமண்டைக்கு வரும் வாரத்தில், அதற்கு இரண்டு கிலோமீட்டர் அருகில் வந்து கோக்கர்ஸ் வாக்கில் நடந்துகொண்டிருக்கிறார்கள். (தூரம் ஒன்றும் பெரிய விஷயமில்லை, காற்றுதான் விஷயம், இருந்தாலும் சொல்ல நன்றாக இருக்கிறது.)

மறைத்துக்கொள்வது எப்படி? மங்கி குல்லா காதுக்கு நல்லது, மூக்குக்கு ஒரு பயனும் இல்லை. சுற்றிலும் நாலு விரல் அகலம் விளிம்பு உள்ள தொப்பி வேண்டும். தோட்டத்தில் வேலை செய்யும் அக்காமார் தலையில் துண்டைக் கட்டி முன்பக்கம் இழுத்துவிட்டுக்கொள்கிறார்களே, அது எந்தக் கடைத் தொப்பிக்கும் குறைந்தது இல்லை. சன்ஸ்கிரீன் வாங்கினால் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல் வாங்குங்கள், முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிழிகிற அளவு தேவை, பொட்டு வைக்கிற மாதிரி தொட்டு வைத்தால் காசு வீண். கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்னால் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி. கறுப்புத் தோலுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். நம் தோலின் நிறமி கொஞ்சம் காப்பாற்றும், உண்மைதான், ஆனால் கண்ணுக்குள் அந்தப் பாதுகாப்பு கிடையாது. கண்புரை, வெள்ளைவிழியிலிருந்து கருவிழி மேல் சதை வளர்வது, இரண்டிலும் புற ஊதாவுக்குப் பங்கு உண்டு. கூலிங் கிளாஸ் வாங்கும்போது யூவி 400 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். வெறும் கறுப்புக் கண்ணாடி போடுவது ஒருவகையில் போடாததைவிட மோசம், இருட்டென்று கண்பாவை விரிந்து இன்னும் அதிகமாக உள்ளே விட்டுவிடும்.

ஏற்கெனவே வெந்துவிட்டதா? பச்சைத் தண்ணீரில் நனைத்த துணி, சோற்றுக்கற்றாழை, நிறையத் தண்ணீர் குடிப்பது. கொப்புளம் வந்தால் உடைக்க வேண்டாம், காய்ச்சலோ நடுக்கமோ சேர்ந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சின்னக் குழந்தை என்றால் காத்திருக்கவே வேண்டாம். எலுமிச்சம்பழத்தைத் தேய்க்கச் சொல்லும் வைத்தியர்கள் வீட்டுக்கு வீடு இருப்பார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் அதுவே தனியாக ஒரு தீக்காயம் மாதிரி ஆகும்.

இவ்வளவு பயமுறுத்தினால் விட்டமின் டி எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். இங்கேயும் நிழல்தான் பதில், தலைகீழாக. விட்டமின் டி உண்டாக்குவதும் அதே புற ஊதாவின் ஒரு பகுதிதான், சூரியன் சாய்ந்திருக்கும்போது அது காற்றிலேயே வடிந்துவிடும். காலை ஏழு மணி இளவெயிலில் பிள்ளையைக் காட்டினால் விட்டமின் டி கிடைக்கும் என்று நம் ஊரில் நம்பாத ஆள் இல்லை. நிழல் ஆளைவிட நாலு மடங்குக்கும் மேல் நீளமாக இருக்கும் அந்த நேரத்தில் கிடைப்பது ரொம்பக் கொஞ்சம். குளிருக்குப் பயந்து ஜன்னல் கண்ணாடிக்குள் உட்கார்ந்து வெயில் காய்வதால் அதுவும் கிடையாது, சாதாரணக் கண்ணாடி அந்தப் பகுதியைத் தடுத்துவிடும். நிழல் கிட்டத்தட்ட உங்கள் உயரத்துக்கு வரும் நேரத்தில், முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டு, வெளியே சிறிது நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்துவிடுங்கள். எத்தனை நிமிடம் என்பது நிறத்தையும் வயதையும் பொறுத்தது, தோல் சிவக்கும்வரை நிற்க வேண்டியதில்லை. அதற்காக ஏழு மணி வெயிலைக் குறைத்து மதிப்பிட வேண்டாம், அது உடம்புக்குள் ஓடும் கடிகாரத்துக்கு வேண்டியது. காலையில் கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்துத்தான் ராத்திரி எப்போது தூக்கம் வரவேண்டும் என்று உடம்பு கணக்குப் போடுகிறது. மூட்டமான நாளில்கூட வெளியே இருக்கும் வெளிச்சம் வீட்டு டியூப்லைட்டைப்போலப் பல மடங்கு, வாசலில் நின்று டீ குடித்தாலே போதும்.

கடைசியாக, சூரியனையே பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு. இந்த மலைக்கு சூரியனோடு உறவு பழையது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்துக்கு அப்புறம், சூரியனைப் படித்தால் பருவமழையைப் புரிந்துகொள்ளலாம், பட்டினிச்சாவைத் தடுக்கலாம் என்ற எண்ணத்திலிருந்துதான் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு விதை விழுந்தது. 1899இல் தொடங்கினார்கள், 1909இல் அங்கே வேலை பார்த்த ஜான் எவர்ஷெட், சூரியன் மேல் கறுப்பாகத் தெரியும் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். அங்கே வேலை செய்கிறவர்களும் சூரியனை வெறும் கண்ணால் அண்ணாந்து பார்ப்பதில்லை, பிம்பத்தைத்தான் பார்க்கிறார்கள்.

நீங்களும் அதையே செய்யுங்கள். விழித்திரைக்கு வலி தெரியாது, வெந்துகொண்டிருக்கும்போது ஒன்றும் தெரியாமல், சில மணி நேரம் கழித்துப் பார்வையின் நடுவில் ஒரு கறை நிற்கும், சிலருக்கு அது போவதே இல்லை. கிரகணத்தன்று தாம்பாளத்தில் சாணியோ மஞ்சளோ கரைத்துப் பிம்பம் பார்ப்பது என் பாட்டி காலத்து வழக்கம். தண்ணீர் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. தரமான கிரகணக் கண்ணாடி விடுவது லட்சத்துக்கு மூன்று பங்கு. வித்தியாசத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே ஃபிலிம், புகை பிடித்த கண்ணாடி, சிடி எல்லாம் இதே ஜாதிதான். கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைனாகுலரில் பார்ப்பது எல்லாவற்றிலும் ஆபத்து, லென்ஸ் குவிக்கிற சூட்டில் அந்த ஃபிலிமே ஓட்டையாகிவிடும்.

சின்ன முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்று எடுங்கள். காகிதத்தில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக ஓட்டை போட்டு அதன்மேல் ஒட்டுங்கள். வெயிலில் ஒரு கல்மேல் சாய்த்து வைத்து, வெளிச்சத்தைத் திறந்த கதவு வழியாக இருட்டறைச் சுவரில் விழச் செய்யுங்கள். ஒரு மீட்டர் தூரத்துக்கு சுமார் 9 மில்லிமீட்டர் என்ற கணக்கில் சூரியன் விழும், பத்து மீட்டர் தள்ளி இருந்தால் 9 சென்டிமீட்டர் வட்டம். விளிம்பு கலங்கலாகத் தெரிந்தால் ஓட்டையைச் சின்னதாக்குங்கள். கண்ணாடியிலிருந்து வரும் ஒளி யார் கண்ணிலும் படாமல் ஒரு ஆள் பக்கத்திலேயே நிற்கட்டும், எல்லோரும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்க்கட்டும். பெரிய சூரியப் புள்ளி இருக்கும் நாளில் அதுகூட மங்கலாகத் தெரியும்.

2019 டிசம்பர் 26 அன்று ஊட்டி வட்டாரத்துக்கு வளையச் சூரிய கிரகணம் வாய்த்தது. அடுத்து 2027 ஆகஸ்ட் 2 மாலையில் தென்னிந்தியாவில் பகுதி கிரகணம், ஆடி மூட்டம் விட்டுக்கொடுத்தால் பார்க்கலாம். கர்ப்பிணிகள் உள்ளே பூட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை, கிரகணத்தில் தனியாக ஒரு விஷக்கதிரும் வருவதில்லை, அவர்களும் வந்து சுவரைப் பார்க்கட்டும். கண்ணாடியும் ஓட்டை போட்ட காகிதமும் என்னிடம் தயாராக இருக்கின்றன. மச்சானுக்கு மட்டும் ஒரு தொப்பி வாங்க வேண்டும்.