லீவர் உள்ளே வருகிறதா, அங்கேயே நிற்கிறதா?

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் பைக்கோடு மூன்றாவது செஷன், மே மாத வெயில். நேர்சாலை முடிகிற இடத்தில் முன் பிரேக் லீவரைப் பிடித்தேன். காலையில் பாதி தூரத்திலேயே கெட்டியாக நின்ற லீவர், இப்போது ஆக்ஸிலேட்டரைப் பிடித்திருந்த மற்ற இரண்டு விரல்களின் முட்டியில் வந்து இடித்தது. வண்டி நின்றது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எந்த இடத்தில் பிடிக்கும் என்கிற நம்பிக்கை போய்விட்டது. அது போனால் அடுத்த சுற்றிலிருந்து கை தானாகவே பத்து மீட்டர் முன்னால் பிரேக்கைத் தேடும்.

பிட்டுக்கு வந்ததும் பக்கத்து வண்டிக்காரத் தம்பி, "அண்ணே, பேட் மாத்திடுங்க, சின்டர்டு போடுங்க" என்றான். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பேட்டில், உலோகத்தூளை இறுக்கிச் செய்த ரகம் அது. இன்னொருவர், லீவரைப் பிடித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரையே மாற்றச் சொன்னார். இரண்டுமே தேவைப்படவில்லை. மூன்று வருடமாக நான் பிரேக் ஆயிலை மாற்றவே இல்லை. தப்பு முழுக்க என்னுடையது.

என் வண்டி 2018 யமஹா ஆர்15 வி3. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் இல்லாதது, முன்னால் 282 எம்எம் டிஸ்க். உங்களுடையது வேறாக இருந்தாலும் நோய் பார்க்கிற முறை ஒன்றுதான்.

முதலில் ஒரே ஒரு கேள்வி. சூடு ஏற ஏற லீவர் உள்ளே வருகிறதா, இல்லை லீவர் அதே இடத்தில் நின்றும் வண்டி நிற்கவில்லையா? உள்ளே வந்தால் ஆயில், அதில் சிக்கிய காற்று, ஆயில் போகிற ஹோஸ் பக்கம் பாருங்கள். லீவர் கல் மாதிரி நின்று, எவ்வளவு அழுத்தினாலும் மரக்கட்டையைப் பிடித்த மாதிரி இருந்தால் பேட் பக்கம். இதைக் கேட்காமல் கடைக்குப் போனால் பணம்தான் போகும்.

அடுத்தது வண்டியை நிறுத்திவைத்துச் செய்கிற சோதனை. லீவரை ஒரு தடவை பிடியுங்கள், பிறகு வேகமாக மூன்று தடவை பம்ப் செய்து பிடியுங்கள். பம்ப் செய்ததும் கெட்டியானால் லைனில் காற்று இருக்கிறது, அல்லது பேட்டைத் தள்ளுகிற பிஸ்டன்கள் தேவைக்கு மேல் பின்னால் போகின்றன. எத்தனை பம்ப் அடித்தாலும் அதே சவசவப்பு என்றால் ஹோஸ் மேல் சந்தேகம்: ஒருவரை லீவரை இறுக்கச் சொல்லிவிட்டு ரப்பர் ஹோஸைக் கையில் பிடித்துப் பாருங்கள், வீங்குவது விரலுக்குத் தெரியும். கடைசியாக, லீவரை இறுக்கி அரை நிமிடம் அப்படியே வைத்திருங்கள். மெல்ல மெல்லக் கைப்பிடியை நோக்கி இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல் போய்விட்டது. அந்த வண்டியை டிராக்குக்கு எடுத்துப் போகாதீர்கள்.

லீவர் துடிப்பது தனி நோய். ஃபோர்க்கில் ஒரு கேபிள் டையைக் கட்டி, அதன் நுனி டிஸ்க்கை உரசியும் உரசாமலும் இருக்கும்படி வெட்டிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் டிஸ்க் வளைந்திருக்கிறது. வீல் பேரிங் ஆட்டத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

இனி ஆயில். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டப்பாவில் போட்டிருக்கிற தரம் டாட் 4 என்றால் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் அந்த அளவு 155. டாட் 5.1க்கு 260, 180. சென்னைக் காற்றில் மூன்று வருடம் இருந்த ஆயில் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். கொதித்தால் ஆவிக்குமிழி வரும், குமிழி அமுங்கும், லீவர் உள்ளே போகும். ஆறியதும் ஒன்றுமே நடக்காதது மாதிரி லீவர் பழையபடி நிற்கும். அதனால்தான் வீட்டுக்கு வந்து பார்க்கிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். ரோட்டுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை போதும். டிராக் போகிறவர்கள் சீசனுக்கு ஒரு தடவையாவது மாற்றுங்கள். டாட் 5 என்று மட்டும் போட்டிருந்தால் வாங்காதீர்கள், அது சிலிகான், வேறு ஜாதி.

ஆயில் மாற்றும் முன், பேட்டும் பிஸ்டனும் இருக்கிற காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பெரும்பாலும் விட்டுவிடுகிற வேலை இது, ஆனால் லீவர் ஃபீலில் பாதி இங்கேதான் இருக்கிறது. பிஸ்டனைச் சுற்றி ஒரு சதுர ரப்பர் சீல் உண்டு. பிரேக் பிடிக்கும்போது அது பிஸ்டனோடு சேர்ந்து லேசாக முறுக்கிக்கொள்ளும். விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனை மயிரிழை பின்னால் இழுக்கும். பிஸ்டனில் பேட் தூசி காய்ந்து ஒட்டியிருந்தால் சீல் வழுக்காமல் பிடித்துக்கொண்டு அதிகமாகப் பின்னால் இழுத்துவிடும். அந்தத் தூரத்தையெல்லாம் உங்கள் விரல்தான் திரும்ப நிரப்ப வேண்டும். லீவரை மெதுவாக அழுத்திப் பிஸ்டனைச் சில மில்லிமீட்டர் வெளியே கொண்டுவாருங்கள், முழுக்க வெளியே விட்டுவிடாதீர்கள். பழைய டூத் பிரஷ், சோப்புத் தண்ணீர், பின்பக்கத்துக்கு ஒரு துணிப்பட்டை. பளபளவென்று ஆனதும் துளி புது பிரேக் ஆயில் தடவி உள்ளே தள்ளுங்கள். கையால் தள்ளியே போக வேண்டும். அழுக்கோடு தள்ளினால் சீலுக்கு நீங்களே உப்புத்தாள் போட்ட மாதிரி.

என் காலிப்பர் பின்களில் நகர்ந்து வேலை செய்கிற வகை. ஒரு பின் காய்ந்துபோய், பேட் மேல்பக்கம் தடிமனாகவும் கீழ்ப்பக்கம் மெல்லியதாகவும் தேய்ந்திருந்தது. சாய்வாகத் தேய்ந்த பேட் டிஸ்க்கில் உட்காரும் முன் வளையும். அதுவும் கைக்குச் சவசவப்பாகத்தான் தெரியும். பின்களுக்கு சிலிகான் கிரீஸ் போடுங்கள். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிப்போகும்.

காற்றெடுப்பது எல்லோருக்கும் தெரிந்த வேலை என்பதால் சுருக்கமாக: பெட்ரோல் டேங்கை ஈரத்துணியால் மூடுங்கள், ஆயில் சொட்டினால் பெயிண்டைத் தின்றுவிடும். ஹேண்டில்பாரில் இருக்கிற பிரேக் ஆயில் டப்பாவின் பழசைச் சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் புதுசை ஊற்றி, லீவரை அழுத்தி, காலிப்பரில் காற்று வெளியேற இருக்கிற நிப்பிளைக் கால் சுற்று திறந்து, மூடிவிட்டுத்தான் லீவரை விட வேண்டும். டப்பா வற்றவே கூடாது. நிறம் மாறிக் குமிழி நிற்கும்வரை.

இதோடு நிறுத்தினால் காலையில் ஏமாற்றம்தான். மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸை இணைக்கிற, நடுவில் துளையுள்ள பாஞ்சோ போல்ட்டில் குமிழி ஒளிந்துகொள்ளும். அந்த இடம் உயரத்தில் நிற்கும்படி ஹேண்டில்பாரைத் திருப்பி, ஹோஸை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிக்கொண்டே, லீவரை முதல் ஐந்து மில்லிமீட்டர் மட்டும் தட்டித் தட்டி விடுங்கள். டப்பாவுக்குப் போகிற சின்னத் துளை அந்தத் தூரம்வரைதான் திறந்திருக்கும். கடுகு மாதிரிக் குமிழிகள் மேலே வரும். அப்புறம் லீவரைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் அவிழ்த்து மறுபடி அதே தட்டல். ஏபிஎஸ் வண்டியில் மாட்யூலுக்குள் சிக்கிய காற்றுக்கு ஸ்கேனர் வேண்டியிருக்கும், சர்வீஸ் சென்டருக்குப் போவதே நல்லது.

லீவர் சுழல்கிற பிவட் போல்ட்டைக் கழற்றித் துடைத்து கிரீஸ் போட்டீர்களா? ஐந்து நிமிட வேலை. நான் போட்ட அன்று புது லீவர் வாங்கின மாதிரி இருந்தது.

பேட் பளபளத்துப் போயிருந்தால் தட்டையான கண்ணாடிமேல் உப்புத்தாள் வைத்துத் தேய்க்கலாம், ஆயில் பட்ட பேட் என்றால் தூக்கிப் போடுங்கள். புது பேட்டுக்குக் காலியான ரோட்டில் மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 10 வரை, முழுக்க நிறுத்தாமல், எட்டுப் பத்து தடவை. டிராக்கிலிருந்து சூடாக வந்ததும் பிட்டில் லீவரைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். பேட் டிஸ்க்கில் அச்சு விட்டுவிடும்.

மாஸ்டர் சிலிண்டர் யோசனை கடைசி. 16 எம்எம் பிஸ்டனுக்குப் பதில் 19 போட்டால் பரப்பு 1.4 மடங்கு. லீவர் தூரம் குறைந்து கல் மாதிரி ஆகும், ஆனால் அதே பிரேக்குக்கு விரல் அவ்வளவு கூடுதலாக அழுத்த வேண்டும். முன்னால் ஒற்றை டிஸ்க் இருக்கிற வண்டியில் அது கட்டையைப் பிடிக்கிற ஃபீல்தான். என் பழைய ரப்பர் ஹோஸை மட்டும் எடுத்துவிட்டு, எஃகு வலை பின்னிய ஸ்டீல் பிரெய்டட் ஹோஸ் போட்டேன், பாஞ்சோவுக்குப் புது செம்பு வாஷரோடு.

இப்போது ஒவ்வொரு செஷன் முடிந்ததும் லீவரை இறுக்கிப் பிடித்து, லீவருக்கும் கைப்பிடிக்கும் இடைவெளியை ஸ்கேலால் அளந்து டேங்க் மேல் ஒட்டிய மாஸ்கிங் டேப்பில் எழுதுகிறேன். அந்த மே மாதம் காலையில் 34 எம்எம், மூன்றாவது செஷனுக்குப் பின் 15. போன தடவை 41, 40, 40, 39.