ஹெல்ம் வழியாக குபர்நெட்டிஸில் போஸ்ட்கிரெஸ் கிளஸ்டர்: முதல் முறை நிறுவுபவர்களுக்கு

தேவையானவை: ஓடிக்கொண்டிருக்கும் குபர்நெட்டிஸ் (கன்டெய்னர்களை இயக்கி நிர்வகிக்கும் அமைப்பு), கியூப்சிடிஎல் (அதற்கான கட்டளைக் கருவி), ஹெல்ம் 3 (அதில் மென்பொருளை நிறுவும் கருவி). மூன்று நோடு (குபர்நெட்டிஸ் ஓடும் கணினி) இருந்தால் நல்லது. ஒரே நோடில் பழகலாம். ஆனால் அது விழுந்தால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் மூன்று பிரதியும் சேர்ந்தே விழும்.

1. ஸ்டோரேஜ். புதியவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஸ்டோரேஜ்கிளாஸ் (எந்த வகை டிஸ்க் தருவது என்ற அமைப்பு) பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஏதாவது ஒன்றின் அருகே ‘டிஃபால்ட்’ என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் கிளஸ்டர் கோப்பில் (படி 3) ஒரு ஸ்டோரேஜ்கிளாஸின் பெயரை நீங்களே எழுத வேண்டும். மறந்தால் பிவிசி (பாட் கேட்கும் டிஸ்க் இடத்துக்கான கோரிக்கை) ‘பெண்டிங்’கிலேயே நிற்கும், பாட் (கன்டெய்னர் ஓடும் அலகு) எழவும் எழாது. சில கிளாஸ்களில் பாட் ஒரு நோடுக்கு ஒதுக்கப்படும் வரை பிவிசி காத்திருப்பது இயல்புதான். இது பிழையா, இயல்பா என்று தெரிய அந்த பிவிசியை டிஸ்கிரைப் செய்து, கடைசியில் வரும் ஈவன்ட்ஸைப் படியுங்கள்.

2. ஆபரேட்டர். போஸ்ட்கிரெஸ் கிளஸ்டரை உருவாக்கிப் பராமரிக்கும் ஆபரேட்டர் நிரலான கிளவுட்நேட்டிவ்பிஜியின் சார்ட் (ஹெல்ம் நிறுவல் தொகுப்பு) ரெப்போவை ஹெல்மில் சேர்த்து, அப்டேட் செய்து, தனி நேம்ஸ்பேஸில் (குபர்நெட்டிஸுக்குள் தனிப் பிரிவு) நிறுவுங்கள். சார்ட் வெர்ஷனைக் குறிப்பிட்டே நிறுவுங்கள்; இல்லாவிட்டால் அடுத்த முறை வேறு வெர்ஷன் வந்து உட்காரும். ஆபரேட்டர் பாட் 1/1 (தயார்) ஆகும்வரை பொறுங்கள். அதற்குள் கிளஸ்டரை உருவாக்கப் போனால் வெப்ஹுக் (கோப்பைச் சரிபார்க்க ஆபரேட்டருக்குப் போகும் அழைப்பு) பிழை வரும்.

3. கிளஸ்டர். யாமல் கோப்பில் கைண்ட் ‘கிளஸ்டர்’, பெயர் ‘டிபி’, இன்ஸ்டன்சஸ் 3, ஸ்டோரேஜ் சைஸ் 10ஜிஐ (10Gi). டேப் அடிக்காதீர்கள், யாமல் ஏற்காது. சைஸைப் பிறகு கூட்டலாம் (ஸ்டோரேஜ்கிளாஸ் அனுமதித்தால்), குறைக்க முடியாது. அப்ளை செய்ததும் முதலில் டிபி-1 எழும். அதிலிருந்து தரவை நகலெடுத்து டிபி-2, டிபி-3 சேரும்.

4. இணைப்பு. மூன்று சர்வீஸ்கள் (பாட்களை அடைய உதவும் நிலையான பெயர்கள்) தாமாக உருவாகும். எழுத்தை ஏற்கும் பாட் பிரைமரி, அதன் நகல்கள் ரெப்ளிகா. எழுத டிபி-ஆர்டபிள்யூ, ரெப்ளிகாக்களில் மட்டும் படிக்க டிபி-ஆர்ஓ, எதிலிருந்தும் படிக்க டிபி-ஆர். போர்ட் 5432. பாஸ்வேர்டு டிபி-ஆப் என்ற சீக்ரெட்டில் (குபர்நெட்டிஸின் ரகசியத் தகவல் பதிவு) இருக்கும். டிபி-1 பாடின் ஐபியைச் செயலியில் நேரடியாகக் கொடுக்காதீர்கள். பாட் மறுபடி எழும்போது ஐபி மாறும். பிரைமரி பொறுப்பும் வேறு பாடுக்குப் போயிருக்கலாம்.

5. சோதனை. பிரைமரி பாடை வேண்டுமென்றே அழியுங்கள். இன்னொன்று பிரைமரி ஆகும்; இடையில் சிறிது நேரம் இணைப்பு அறும், செயலி மறுமுயற்சி செய்யத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று பிரதி இருக்கிறதே என்று பேக்கப்பை விட்டுவிடாதீர்கள். ஒரு டேபிளைத் தவறாக நீக்கினால் மூன்றிலும் போய்விடும். கிளஸ்டர் ரிசோர்ஸையே அழித்தால் பிவிசிகளும் சேர்ந்து அழியும்.