கோடிப்பக்க வேலியில் நாங்கள் விடும் பிழைகள்

ரோட்டுப் பக்க மதிலுக்குக் காசைக் கொட்டுகிற நாங்கள், வீட்டுக்குப் பின்னாலுள்ள கோடிப்பக்க வேலியை மட்டும் "பிறகு பார்ப்பம்" என்று விட்டுவிடுவோம். பிறகு மாரிக்கு முன் அவசரமாக ஒரு கூலியாளைப் பிடித்து, பழைய கதியால் (ஊன்றினால் துளிர்க்கிற வேலித்தடி) நின்ற இடத்திலேயே புதியதை ஊன்றச் சொல்வோம். வேலிச் சண்டை முளைப்பது அங்கேதான்.

பழைய கதியாலை எல்லை என்று நம்புவதுதான் முதல் பிழை. எங்கள் வளவில் ஒரு பூவரசு நிற்கிறது. ஊன்றியபோது மணிக்கட்டுப் பருமன்தான் இருந்ததாம். இப்போது இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்க வேண்டும். அதை யாரும் தள்ளி நடவில்லை, தானாகப் பருத்தது. கயிறு பிடிக்கும்போது அதன் எந்தப் பக்கத்தால் பிடிப்பது? எங்கள் பக்கமா, அவர்கள் பக்கமா, நடுவிலா? நூறு அடி வேலி ஓரடி விலகினால் 100 சதுர அடி போச்சு. நாங்கள் காணி அளக்கிற ஒரு பரப்பே ஏறத்தாழ 2,722 சதுர அடிதான். விலகியதைக் கவனிக்காமல் விட்டாலும் சிக்கல். இலங்கையின் 1871ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 வருடம் தடையில்லாமல் தன் காணியாகவே ஆண்டவர் அதற்கு உரிமை கோர இடமுண்டு.

அதனால் கதியால் வெட்டப் போகுமுன் காணிப் பத்திரமான உறுதியையும் நில அளவைப் படத்தையும் எடுத்துப் பாருங்கள். எல்லைக்கல் இருந்தால் சரி. இடம்பெயர்ந்து பல வருடம் கழித்துத் திரும்பிய ஊர்களில் வேலியும் இல்லை, கல்லும் இல்லை என்ற வளவுகள் உண்டு. அங்கே சேவையரைத்தான் கூப்பிட வேண்டும். நீங்கள் மட்டும் காசு கொடுத்துக் கூட்டிவந்தால், அவர் போட்ட கோட்டைப் பக்கத்து வீட்டார் நம்பமாட்டார்கள். செலவைப் பாதி பாதியாகப் பிரித்து, இரண்டு வீட்டாரும் நிற்க அளவுங்கள். இல்லாவிட்டால் கடைசியில் வேலிக்கு ஓணான் சாட்சிதான்.

அடுத்தது, யாரிடம் சம்மதம் கேட்பது என்பது. பக்கத்து வளவில் மாமி இருப்பார். உறுதி கனடாவில் இருக்கிற மகனின் பெயரில் இருக்கும். "மாமி ஓம் எண்டு சொல்லிட்டா" என்று வேலையைத் தொடங்கி, பாதியில் வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்து நின்றுபோன வேலிகளைப் பார்த்திருக்கிறேன். கயிறு கட்டியதும் படம் எடுத்து மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், வருகிற பதிலை அழிக்காதீர்கள். மகனுக்காகக் கையெழுத்து வைக்கிற அதிகாரப் பத்திரம், அதாவது அற்றோணித் தத்துவம், மாமியிடம் இருந்தால் அதையும் கேட்டுப் பாருங்கள். கேட்க வெட்கமாகத்தான் இருக்கும்.

இனி நான் விட்ட பிழை. பின்னிய தென்னோலையால் கட்டிய எங்கள் பழைய கிடுகு வேலியில் ஒரு பொட்டு இருந்தது, ஆள் குனிந்து போகிற அளவு. கறிவேப்பிலைக்கும் சீனிக்கும் பிள்ளைகளின் பந்துக்கும் அதுதான் வழி. புதுத் தகரம் அடித்த அன்று பின்னேரம் பக்கத்து வீட்டு அக்கா வழக்கம்போல வந்து, அந்தப் பக்கம் நின்றபடியே கேட்டார்: "தம்பி, பொட்டையும் அடைச்சுப் போட்டியளோ?" கோபமாகக் கேட்கவில்லை. கோபித்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மறுநாள் ஒரு தகரத்தைக் கழற்றிச் சின்னப் படலை வைத்தோம். ஆணி அடித்த ஓட்டைகளோடு அந்தத் தகரம் இன்னும் கோழிக்கூட்டுக்கு மேலே கிடக்கிறது.

பொட்டை அடைத்தால் மனத்தாங்கல், கிணற்றுக்குப் போகும் வழியை அடைத்தால் வழக்கு. பங்குக் கிணறு உள்ள வளவுகளின் உறுதியில் கிணற்றுப் பங்கோடு வழிவாய்க்கால் உரிமையும் எழுதியிருக்கும். இப்போது எல்லோரும் மோட்டார் வைத்திருக்கிறார்கள், யார் நடந்து வரப்போகிறார்கள் என்று நினைத்து அதை மறிக்காதீர்கள். மழைத் தண்ணீரும் அப்படித்தான். கிடுகு வேலிக்குள்ளால் தண்ணீர் ஓடிவிடும், சீமெந்துக் கல் மதில் அதைத் தேக்கி வைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் எந்தப் பக்கம் வடிகிறது என்று ஒரு மாரி பார்த்துவிட்டு, மதிலின் அடியில் அதற்கு ஓட்டை விடுங்கள்.

மற்றவை சின்னப் பிழைகள். கிளுவை, சீமைக்கிளுவைக் கதியாலை மழை தொடங்கும்போது ஊன்ற வேண்டும், கோடையில் ஊன்றினால் காய்ந்து விறகாகிவிடும். குழி தோண்டும் அலவாங்கு சுண்ணாம்புக்கல்லில் முட்டியதும் ஆழம் போதும் என்று விட்டால் முதல் காற்றிலேயே சாயும். கிடுகை மண்ணில் முட்டக் கட்டினால் கறையானுக்கு விருந்து. கடலோரத்தில் தகரம் சீக்கிரம் துருப்பிடிக்கும். எல்லையிலேயே முருங்கை நடுவதை நான் விரும்புவதில்லை. காய் யாருக்கு என்பதைப் பேசித் தீர்க்கலாம், மயிர்க்கொட்டிப் புழு அடுத்த வீட்டுக் கொடியில் காயும் உடுப்பில் ஏறினால் பேச ஒன்றுமில்லை.

அப்படியும் முறுகினால் உடனே பொலிசுக்கு ஓட வேண்டாம். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த, இரண்டு பக்கத்தையும் இருத்திப் பேசித் தீர்க்கிற மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. அங்கே வழக்குப் பேசிக்கொண்டு கதியாலைப் பிடுங்கப் போகாதீர்கள்.

வேலை முடிந்த அன்றே இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: குழை யாருக்கு? இரண்டு வீட்டிலும் ஆடு நின்றால், தழைத்து வருகிற வேலியை ஒருவர் மொட்டையடித்த காலைதான் மற்றவருக்கு இது ஞாபகம் வரும். எங்கள் வேலியில் பூவரசு வரை அக்காவுக்கு, அதற்கு இங்கால் எங்களுக்கு.