பச்சோந்தி கூண்டுக்கு யுவிபி லைட்டும் சூட்டு பல்பும் எப்படி பாத்து வாங்குறது

பச்சோந்தி வாங்குறவங்க முக்கால்வாசி பேர் மொதல்ல கூண்டு, செடி, பூச்சி எல்லாம் வாங்கிட்டு கடைசியா மிச்சம் இருக்குற காசுல ஏதோ ஒரு பல்ப வாங்கி மாட்டிடுறாங்க, ஆனா அந்த உயிர் நல்லா இருக்குமா இல்லையான்னு முடிவு பண்றதே லைட்டுதான், அதனால தயவுசெஞ்சு லைட்ல இருந்து ஆரம்பிங்க.

வெளிய வெயில்ல சூடும் யுவிபியும் (கண்ணுக்கு தெரியாத ஒரு வகை புற ஊதாக்கதிர்) சேந்தே வருது. கூண்டுக்குள்ள நாம அத ரெண்டு பல்பா தனித்தனியா வாங்கி, திரும்ப ஒரே கிளை மேல விழுற மாதிரி வைக்கணும். ஏன்னா யுவிபி பட்டா தோலுக்குள்ள டி3 விட்டமினோட முந்தின ரூபம் உருவாகுது, அது முழு டி3 ஆகுறதுக்கு ஒடம்புல சூடு வேணும். அந்த டி3 இல்லன்னா நீங்க பூச்சி மேல எவ்வளவு கால்சியம் பவுடர் தூவி குடுத்தாலும் ஒடம்புல ஏறாது, எலும்பு மெத்துன்னு ஆகி கை கால் வளைஞ்சு, தாடை ரப்பர் மாதிரி ஆகிடும். வளைஞ்ச கால் திரும்ப நேராகாது, அத பாக்கவே மனசு கேக்காது.

யுவிபிக்கு நீள ட்யூப் வாங்குங்க, டி5 ஹெச்ஓ வகை (ஒல்லியான, வெளிச்சம் அதிகமா தர்ற ட்யூப்), பின்னாடி ரிஃப்ளெக்டர் இருக்குற ஃபிட்டிங்கோட. சுருள் சுருளா இருக்குற சின்ன பல்பு வேண்டாம், அது ஒரு புள்ளியில மட்டும் அடிக்கும், கொஞ்சம் கீழ போனாலே ஒண்ணும் இருக்காது. வெய்ல்டு, பேந்தர்னு ரெண்டு பச்சோந்தி வகைக்கும் ஆர்கேடியா கம்பெனியோட 6 சதவீத யுவிபி ட்யூப் இல்லன்னா ரெப்டிசன் 5.0 ட்யூப் போதும், 12 சதவீதம்னு பெரிய நம்பர பாத்து எடுத்துடாதீங்க, ஒசரம் கம்மியான கூண்டுல அது கண்ணையும் தோலையும் கெடுத்துடும்.

நம்பர விட முக்கியம் தூரம். கூண்டு மேல இருக்குற வலையே 30, 40 சதவீத யுவிபிய தடுத்துடும், கண்ணாடியோ அக்ரிலிக்கோ இருந்தா கிட்டத்தட்ட முழுசா தடுத்துடும் (அதனாலதான் மூடின ஜன்னல் வெயில்ல வச்சா பிரயோஜனமே இல்ல). வலைக்கு மேல ட்யூப், அதுக்கு கீழ 15ல இருந்து 20 சென்டிமீட்டர்ல பச்சோந்தியோட முதுகு வர்ற மாதிரி கிளைய கட்டுங்க. கிளைக்கு அளந்துட்டு விட்டுடுறாங்க, அதுதான் தப்பு, பெரிய பச்சோந்தி கிளைல நின்னா முதுகும் தலைக்கொண்டையும் இன்னும் பல சென்டிமீட்டர் மேல வந்துடும். முடிஞ்சா யுவி அளக்குற சோலார்மீட்டர் 6.5 கருவிய யார்கிட்டயாவது ஒரு நாள் கடன் வாங்கி அளந்துடுங்க, முதுகு வர்ற எடத்துல யுவிஐ (யுவி எவ்வளவு பலமா இருக்குன்னு சொல்ற எண்) 3 பக்கம் காட்டினா சரி.

இப்ப சூடு. இதுக்கு சாதாரண வெள்ளை ஹாலஜன் ஃப்ளட் பல்பே போதும். சிவப்பு, நீல பல்பெல்லாம் வேண்டவே வேண்டாம், அடியில விரிக்கிற ஹீட் மேட்டும் பச்சோந்திக்கு உதவாது, பச்சோந்தி மரத்துல உக்காந்து மேல இருந்து வர்ற வெயில்ல காயுற உயிர். வளந்த வெய்ல்டுக்கு அந்த கிளைல 29ல இருந்து 32 டிகிரி செல்சியஸ், பேந்தருக்கு ஒரு டிகிரி கம்மியா இருந்தாலும் நல்லது, ஜாக்சன்ஸ் வகைக்கும் குட்டிகளுக்கும் 27 பக்கமே போதும். வாட்ஸ் எவ்வளவுன்னு கேப்பீங்க, உங்க ரூம் சூட்ட பொறுத்தது, கம்மி வாட்ஸ்ல ஆரம்பிச்சு, தெர்மாமீட்டர் ப்ரோப முதுகு ஒசரத்துல கட்டி ஒரு மணி நேரம் விட்டு பாருங்க. டிம்மர் வச்சா ஹாலஜன ஏத்தி எறக்கலாம், ஆனா யுவிபி ட்யூப டிம்மர்ல மாட்டாதீங்க.

என் மொத பேந்தருக்கு கிளைய வலைக்கு ரொம்ப பக்கத்துல கட்டிட்டேன். ஒரு காலைல பாத்தா முதுகு முள்ளு வரிசைல நாலஞ்சு செதில் கருகின மாதிரி பழுப்பா இருந்துச்சு, ரெண்டு நாள்ல அது சுருங்கி கொப்புளமாச்சு, டாக்டர்கிட்ட போய் மருந்து போட்டு ஆறவே பல வாரம் ஆச்சு. அந்த கிளை மட்டும் இல்ல, வலைலயே தொங்குறதுக்கும் இதுங்க ஏறும், அதனால சூட்டு பல்ப வலை மேல நேரா உக்கார வைக்காம ஸ்டாண்டுல தூக்கி வைங்க.

வச்சதுக்கு அப்புறம் காலைல கொஞ்ச நேரம் உக்காந்து கவனிங்க. குளிர்ந்து எழுந்த பச்சோந்தி நிறம் இருண்டு, ஒடம்ப தட்டையாக்கி ஒரு பக்கத்த லைட்டுக்கு திருப்பி நிக்கும், சூடானதும் வெளுத்து எறங்கி போயிடும். வெளிறிப் போய் வாய தொறந்துக்கிட்டே நின்னா சூடு அதிகம், பல்ப ஒசத்துங்க. நாள் பூரா லைட்டுக்கு அடியிலயே இருந்தா சூடு பத்தல. கீழ அடர்த்தியா செடி வச்சு நிழல் கட்டாயம் விடுங்க, தனக்கு எவ்வளவு வேணும்னு அதுக்குத்தான் தெரியும்.

ட்யூபுக்கு டைமர்ல 12 மணி நேரம், ராத்திரி முழு இருட்டு. டி5 ட்யூப் எரிஞ்சுட்டேதான் இருக்கும், கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, ஆனா உள்ள யுவிபி கொறைஞ்சிருக்கும், மீட்டர் இல்லாதவங்க வருஷத்துக்கு ஒருதடவை மாத்திடுங்க. வாங்கின அன்னிக்கே ட்யூப் ஓரத்துல மார்க்கர்ல தேதி எழுதி மாட்டுங்க.