மார்க் இருந்தும் கைநழுவும் சலுகைகள்: கல்லூரிச் சேர்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்கல்வியில் சேருவோர் விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம், நாடு முழுவதற்குமான சராசரி 28.4 சதவீதம். இது 2021-22 கணக்கு. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இங்கே சலுகைகளும் குறைவில்லை. ஆனால் எந்தச் சலுகையைக் கேட்டாலும் முதலில் வருவது இரண்டு கேள்விகள்தான்: எந்தப் பள்ளியில் படித்தாய், எந்த வழியாகக் கல்லூரியில் சேர்ந்தாய்? வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு இதை முன்கூட்டியே சொல்ல ஆள் இருப்பதில்லை.

முதல் தவறு பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு இரண்டு வருடம் முன்பே நடந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியதும் கடனை உடனை வாங்கி பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளியில் சேர்த்துவிடுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மருத்துவத்துக்கு 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021-லும் வந்த ஒதுக்கீடு இது. இதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. கடைசி இரண்டு வருடத்துக்காக இவ்வளவையும் விட்டுக்கொடுப்பது பெரிய நஷ்டம். உயர்கல்வி படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் (மாணவிகளுக்கு), தமிழ்ப் புதல்வன் (மாணவர்களுக்கு) திட்டங்களும் ஆறிலிருந்து பன்னிரண்டு என்ற இதே கணக்கைத்தான் பார்க்கின்றன.

இதில் இரண்டு நுணுக்கம் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அந்த 1,000 ரூபாய் உண்டு, 7.5 சதவீதம் கிடையாது. ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டத்தின் இலவச இடம்) மூலம் எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீதம் உண்டு. இந்த இரண்டாவது விஷயம் பலருக்குத் தெரியாது. தகுதி இருந்தும் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை டிக் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது, எனக்கு மிகவும் கோபம் வரும் தவறு. மார்க் வரிசையில் அரசு இடம் ஒதுக்கும் கவுன்சிலிங் தொடங்கும் முன்பே ஏஜென்ட் வீட்டுக்கு வருவார். "சீட் முடிஞ்சுரும், அட்வான்ஸ் போட்டு வைங்க" என்பார். அம்மாவின் நகை அடகுக்குப் போகும். மேனேஜ்மென்ட் கோட்டாவில், அதாவது கல்லூரி நிர்வாகமே நிரப்பும் இடத்தில், சேர்ந்துவிட்டால் 7.5 சதவீதம் இல்லை, முதல் பட்டதாரி கட்டணச் சலுகை இல்லை, பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகையும் இல்லை. பல நேரம் அதே கல்லூரியில் அதே பாடப்பிரிவு கவுன்சிலிங்கிலேயே கிடைக்கும். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் 'போனது போகட்டும்' என்று அங்கேயே இருந்துவிட வேண்டியதில்லை. கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக்கூடாது என்றும், விலகுபவர்களுக்கு விலகும் தேதியைப் பொறுத்துக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-லேயே சொல்லிவிட்டது. எழுத்தில் கேளுங்கள். நாள் தள்ளத் தள்ளத் திரும்பி வரும் தொகை குறையும்.

சான்றிதழ்களை ரிசல்ட் வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். மே மாதம் இ-சேவை மையத்தில் ஊரே நிற்கும். சாதி, வருமானம், முதல் பட்டதாரி மூன்றையும் முன்பே வாங்கி வைத்துவிடலாம். முதல் பட்டதாரி சலுகை ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான். அண்ணன் வாங்கியிருந்தால் தங்கைக்குக் கிடையாது. போஸ்ட் மெட்ரிக் உதவிக்கு ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம். பெயரின் இனிஷியல் ஆதாரில் ஒன்று, மார்க் ஷீட்டில் ஒன்று என்று இருந்தால் அதையும் இப்போதே சரி செய்யுங்கள்.

பொறியியல் கவுன்சிலிங்கில் சாய்ஸ் ஃபில்லிங் (விரும்பும் கல்லூரி, பாடப்பிரிவுப் பட்டியலைப் பதிவது) செய்யும்போது ஐந்தாறு கல்லூரியோடு நிறுத்துவது இன்னொரு வழக்கம். எத்தனை வேண்டுமானாலும் போடலாம், ஆசைப்படும் வரிசையில் போட வேண்டும், அவ்வளவுதான். பிரவுசிங் சென்டர்காரரிடம் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே பாருங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் சொன்ன கெடுவுக்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் போய்விடும். போன் ரீசார்ஜ் தீர்ந்து மெசேஜ் பார்க்காமல் சீட்டை விட்டவர்கள் உண்டு.

சரி, சேர்ந்தாயிற்று. உதவித்தொகை ஏன் வரவில்லை? பெரும்பாலும் வங்கிக் கணக்குதான் காரணம். பணம் ஆதாரோடு இணைந்த கணக்குக்குத்தான் போகும். பள்ளியில் திறந்த கணக்கு பயன்படுத்தாமல் முடங்கியிருக்கும், ஆதார் இன்னும் அதோடு இணைந்தே இருக்கும். பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு ஒருமுறை வங்கிக்குப் போய் வந்தால் தீரும் வேலை இது.

கடன் என்றால் வங்கிக்குப் போகப் பயந்து, தெருவில் ஐந்து வட்டிக்கு வாங்குகிறார்கள். 4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கி அடமானம் கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதும் இல்லை. கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்தால் பதிவு இருக்கும். மேலாளர் வாய்மொழியாக முடியாது என்றால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.

கடைசியாக, பி.இ. கிடைத்தால்தான் படிப்பு என்ற பிடிவாதம். ஆசிரியர் பற்றாக்குறை உள்ள ஏதோ ஒரு கல்லூரியில் நான்கு வருடம் அரியரோடு போராடுவதைவிட, அரசுக் கலைக் கல்லூரியோ அரசு பாலிடெக்னிக்கோ மேல் என்பது என் கருத்து. செலவு மிகக் குறைவு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் பணம் டிப்ளமோவுக்கும் ஐ.டி.ஐ.க்கும் உண்டு. டிப்ளமோவை நல்ல மார்க்கோடு முடித்தவர் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம், அதற்கும் தனிக் கவுன்சிலிங் நடக்கிறது.