பெயர் தெரியாத பழைய கைக்கருவியை இனங்காண்பது எப்படி?

பழைய கருவிக் குவியல் எதுவானாலும், சுத்தியல், உளி, அரம் இவற்றுக்கு நடுவே எதற்குப் பயன்பட்டது என்றே விளங்காத ஓர் இரும்பாவது கிடக்கும். அதைப் பிறரிடம் காட்டி விசாரிப்பதற்கு முன், அந்தக் கருவியைப் பார்த்தே நாம் அறிந்துகொள்ளக்கூடியவை நிறைய உண்டு. தேய்மானம்தான் முதல் சாட்சி, முத்திரை இரண்டாவது, உருவ ஒற்றுமை கடைசி என்பது என் கருத்து. புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள்.

படி 1: துருவைச் சுரண்டாதீர்கள்

கம்பித் தூரிகையால் தேய்த்தால் துருவோடு சேர்ந்து எழுத்துகளும் தடங்களும் போய்விடும். எண்ணெய் தோய்த்த துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும். இடுக்கில் ஒட்டியிருக்கும் தாரும் மெழுகும்கூடச் சான்றுகள்தாம். தார் மரப்படகு வேலையையும், மெழுகு தோல் தையலையும் சுட்டலாம். பிறகு நீளம், வாயின் அகலம், எடை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள்.

படி 2: கை எங்கே, அடி எங்கே, வாய் எங்கே?

கை பிடிக்கும் இடம், விசையை வாங்கும் இடம், வேலையைத் தொடும் இடம் ஆகிய மூன்றையும் தனித்தனியே தேடுங்கள். மரப்பிடியின் உச்சியில் இரும்புப் பூண் இருந்தால், அந்தக் கருவி கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) அடிவாங்கியது என்று கொள்ளலாம். இரும்புத் தலை காளான்போல் விரிந்து மடிந்திருந்தால், அதை அடித்தது சுத்தியல். கைப்பிடியே இல்லாமல் சதுரமாகக் குறுகிச் செல்லும் வால் மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் கையில் பிடிப்பதற்கானதே அன்று. கொல்லரின் பட்டடையில் உள்ள சதுரத் துளையிலோ தகர வேலை மேசையிலோ செருகி, அதன்மேல் இரும்பையோ தகட்டையோ வைத்து அடிப்பார்கள். அலகின் இரு முனைகளிலும் பிடி இருந்தால், அது மரத்தைத் தன் பக்கமாக இழுத்துச் சீவும் இழுப்புக் கத்தி.

வாய் மழுங்கியிருப்பதைப் பழுது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். கைப்பிடிக்குச் செங்குத்தாக நிற்கும் கனத்த அலகு, மரத்தை அதன் இழையோட்டத்திலேயே பிளப்பதற்கானது. படகுப் பலகைகளின் இடுக்கில் சணல் நாரைத் திணிக்கும் உளியோ நாரை வெட்டவே கூடாது. இரண்டுமே மழுங்கலாக இருப்பதற்காகச் செய்யப்பட்டவை. சாணை பிடித்தால் கெட்டுவிடும்.

படி 3: தேய்மானத்தைப் படியுங்கள்

வாய் ஒரு பக்கமாக வளைந்து, உட்புறம் வரிவரியாகப் பல் வெட்டிய குறடு ஒன்று கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் தாடையின் வெளிப்புறத்தில் சிறிய இரும்புக் கட்டி ஒன்று துருத்தி நிற்கும். கட்டியின் முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஆணித்தலை அளவுள்ள குழிகள் தெரியக்கூடும். காலணி செய்பவர் இந்தக் குறடால் மேல்தோலின் ஓரத்தைக் கவ்வி, கட்டியைக் கால் அச்சின்மேல் ஊன்றி நெம்பித் தோலை இழுத்து, பிறகு அதே கட்டியால் சிற்றாணியை அடித்து இறுக்குவார். ஆணி பிடுங்கும் சாதாரணக் குறடில் இந்தக் கட்டி இருக்காது.

இதற்கு நேர்மாறாக, தேய்மானமே இல்லாத ஓரமும் விளக்கம் தரும். கைப்பிடியின் நுனியில் வட்டத் தகடு சுழலும் கருவியைப் பார்த்ததும் மாவு வெட்டும் சக்கரம் என்று பலர் சொல்வார்கள். ஆனால் அதன் விளிம்பு கூராக இராது. பல தகடுகளில் அளவுக் கோடுகளும் இரா. வண்டிச் சக்கரம் செய்பவர் அதைச் சக்கரத்தின் மர விளிம்பான வட்டையின்மேல் ஓட்டிச் சுற்றுகளை எண்ணுவார். பிறகு அதன்மேல் மாட்டவேண்டிய இரும்புப் பட்டையின் உட்புறத்தில் ஓட்டி ஒப்பிடுவார். பட்டையின் சுற்றளவு சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். காய்ச்சினால் விரிந்து சக்கரத்தில் ஏறி, தண்ணீர் ஊற்றியதும் சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிக்கும். ஒப்பீடு மட்டுமே தேவை என்பதால் அங்குலக் கணக்குக்கு வேலை இல்லை.

படி 4: முத்திரையும் எண்ணும்

மர இழைப்புளியின் முகத்தில் இரண்டு மூன்று பெயர்கள் இருந்தால், அவற்றில் சில அடுத்தடுத்து அதை வைத்திருந்தவர்களுடையவையாக இருக்கலாம். எல்லாவற்றையும் செய்தவரின் பெயர் என்று எண்ணிவிடாதீர்கள். அம்புக்குறி முத்திரை பிரிட்டிஷ் அரசின் உடைமையைக் குறிப்பது.

காப்புரிமை எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஆவணத்தில் வரைபடமும் பயனும் சேர்ந்தே இருக்கும். அமெரிக்காவின் இன்றைய எண்வரிசை 1836இல் தொடங்கி, 1911இல் பத்து லட்சத்தையும் 1935இல் இருபது லட்சத்தையும் எட்டியது. பிரிட்டனில் 1916இல்தான் 1,00,001இலிருந்து தொடர் எண் தொடங்கியது. அதற்கு முன் ஆண்டுதோறும் எண் புதிதாகத் தொடங்கியதால், ஆண்டு தெரியாத எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தேடுவது வீண்.

ஸ்பேனரில் உள்ள எண்ணும் குழப்பும். விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் திருகு அளவுமுறைக்கான ஸ்பேனரில் கால் அங்குலம் என்று இருந்தால் அது போல்ட்டின் விட்டம். வாயின் அகலமோ 0.525 அங்குலம், அதாவது சுமார் 13.3 மில்லிமீட்டர்.

படி 5: வினையை வைத்துத் தேடுங்கள்

"விசித்திரமான பழைய கருவி" என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. "தோலை இழுக்கும் குறடு", "ரம்பப் பல்லைச் சாய்க்கும் குறடு" என்று வினையையும் பொருளையும் சேர்த்துத் தேடுங்கள். ஒத்த படம் கிடைத்ததும், நீங்கள் குறித்துவைத்த அளவுகளோடும் தேய்மானத்தோடும் அது பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால், வீணான மரத்துண்டிலோ தோல் துண்டிலோ மெதுவாக இயக்கிப் பாருங்கள். பிடித்த கை இயல்பாக விழும் இடமும் பிடியில் மெருகேறிய இடமும் ஒன்றாக இருக்க வேண்டும்.