பால்மாப் பேணியும் சோடாப் போத்தலும்: சின்னப் பிள்ளைகளுக்கு ஓசை பழக்குவது

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு எடுத்த எடுப்பில் கர்நாடக இசையின் தொடக்கப் பாடமான சரளி வரிசை வேண்டாம். பற்றரி கீபோர்டும் வேண்டாம். எந்தக் கட்டையை அமத்தினாலும் அதுவே பாடிவிடும், பிள்ளைக்கு அங்கே வேலையில்லை. ஓசை எதில் இருந்து வருகிறதென்று முதலில் கை அறியட்டும். யாழ்ப்பாணத்தில் முன்பள்ளிப் பிள்ளைகளோடு நான் செய்கிற முறை இது.

ஒரே அளவில் ஆறு பால்மாப் பேணிகள் சேருங்கள். இரண்டில் அரிசி, இரண்டில் புளியங்கொட்டை, இரண்டில் மணல். மூடியைச் சுற்றி இறுக்கமாக டேப் ஒட்டிக் கலந்து வைத்து, கிலுக்கிப் பார்த்துச் சோடி சேர்க்கச் சொல்லுங்கள். அரிசியும் மணலும்தான் குழப்பும். அழகாக இருக்கிறதென்று குன்றிமணியை மட்டும் போட்டுவிடாதீர்கள், கடித்தால் கடும் நஞ்சு.

அடுத்தது போத்தல். இதற்கு ஒரு காலைப்பொழுதையே விடலாம். ஒரே மாதிரியான நான்கு கண்ணாடிச் சோடாப் போத்தல்களில் கொஞ்சம், கால், அரை, முக்கால் என்று தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றுவதும் பிள்ளைகளே; நிலம் நனைந்தால் நனையட்டும். மர அகப்பையால் மெல்லத் தட்டி, "எது அப்பாக் குரல், எது தம்பிக் குரல்?" என்று கேளுங்கள். தண்ணீர் கூடிய போத்தல்தான் அப்பா. சரி, இனி வாயில் ஊதினால்? ஊதுவதற்கு முன், அப்பா என்று நினைக்கிற போத்தலுக்கு முன்னால் ஆளுக்கொரு புளியங்கொட்டை வைக்கட்டும். எல்லாக் கொட்டையும் நிறைந்த போத்தலுக்குத்தான் போகும். ஊதினால் அதுதான் கீச்சென்று தம்பிக் குரலில் கத்தும்!

தட்டும்போது அதிர்வது கண்ணாடியும் தண்ணீரும். பாரம் கூடினால் அதிர்வு மெதுவாகும். ஊதும்போது அதிர்வது உள்ளே மிஞ்சியிருக்கும் காற்று. அது குறையக் குறைய அதிர்வு விரையும். இந்த விளக்கம் உங்களுக்கு. பிள்ளைகளிடம் உடனே ஒப்புவிக்காதீர்கள், அவர்கள் இன்னும் பத்துத் தரம் ஊதட்டும். ஆளுக்கொரு போத்தல் இருந்தால் சளி பரவாது.

இணுவில், அளவெட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு அயலில் ஒரு தவில்காரர் அகப்படாமலா போவார்? தெட்சணாமூர்த்தியின் தவிலும் பத்மநாதனின் நாதசுரமும் ஒலித்த மண். மெல்ல வாசிக்கச் சொல்லி, பிள்ளையின் உள்ளங்கையைப் பலாமரக் கட்டையில் வையுங்கள். முழு வாசிப்பென்றால் தள்ளி இருத்துங்கள், சின்னக் காது தாங்காது. தவில் இல்லையா, சட்டி வாயில் பலூனை இழுத்துக் கட்டி அரிசி தூவி, கிட்டவாகத் தாச்சியைத் தட்டுங்கள். தொடாமலே அரிசி துள்ளும்.

தை மாதமென்றால் விண், அதாவது பட்டத்தில் கட்டுகிற, காற்றில் கூவும் வில். வல்வெட்டித்துறைப் பட்டங்கள் இரவிரவாகக் கூவுவது அதனால்தான். முழநீள மூங்கில் சிலாகையை வில்லாக வளைத்து, பார்சல் கட்டும் நாடாவை நாணாகக் கட்டுங்கள். கூடு போட்ட மேசை ஃபானுக்கு முன்னால் பெரியவர் பிடிக்கவேண்டும். நாடாவின் ஓரம் காற்றைப் பார்க்கட்டும். திருப்பித் திருப்பிப் பிடித்தால் ஓரிடத்தில் கூவத் தொடங்கும். வில்லின் முனைகளை நெருக்கினால் நாடா தளர்ந்து குரல் தடிக்கும். சும்மா படபடத்தால் இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டுங்கள்.